எந்த வரி என்று கேட்டவர்

என் எழுத்து ஒன்று குண்டாகவும் ஒன்று மெலிவாகவும் இருக்கும். வரி ஏறி இறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கொம்பியூட்டரில் அடித்துத் தருகிறேன் என்று மகள் சொன்னாள், நான் விடவில்லை. பரமேஸ்வரி ரீச்சரின் நினைவு மலரில், என்னோடு அவரிடம் படித்த நல்லையா எழுதியது அவருடைய கையெழுத்திலேயே வருகிறதாம். என்னுடையதும் அப்படித்தான் வரவேண்டும்.

ரீச்சரின் சாவுச் செய்தியும் நல்லையாவுக்குத்தான் முதலில் போனது. சனிக்கிழமை காலை, வகுப்புக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது.

"முத்தையா, வெளிக்கிடாதையும். ரீச்சர் விடிய மோசம் போயிட்டா. அவவின்ரை மகள் எனக்கு உடனை எடுத்துச் சொன்னவ."

ஒற்றைச் சப்பாத்தோடு கதிரையில் இருந்து அழுதேன். ஆனால் அழுகைக்கு முன்னால், அந்தப் பிள்ளை ஏன் அவருக்கு முதலில் எடுத்தாள் என்ற எண்ணம்தான் வந்தது. ரீச்சரைப் பற்றி எழுதும்போது பொய் எழுதக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

இங்கே கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியின் கீழறையில் எங்களைப் போன்ற வயதானவர்களுக்கு ரீச்சர் தமிழ் சொல்லித்தந்தார். நான் ஊரில் லொறிக்கு மூட்டை ஏற்றியவன். பள்ளிக்கூடப் படி மிதிக்காதவன். அறுபத்தேழு வயதில் என் பெயரை எழுதிய அன்று, கண்ட கடதாசியிலெல்லாம் அதை எழுதினேன். மகளின் ரெலிபோன் பில்லைக்கூட விடவில்லை. நல்லையா மூன்றாம் வகுப்புவரை படித்தவர். அந்த மூன்று வகுப்பையும் அவர் எனக்கு மறக்க விட்டதில்லை.

எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும் என்று ரீச்சர் விடவில்லை. ஒரு கதையைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்து, அதைப் பற்றிப் பந்தி எழுதச் சொல்வார்.

"'நல்ல கதை' எண்டு சொல்ல ஆருக்கும் ஏலும். நீங்கள் என்ன நினைக்கிறியள், எந்த வரி அப்பிடி நினைக்க வைச்சது, ஏன் நினைக்க வைச்சது. மூண்டும் வேணும்."

ஒருமுறை, வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுப் போகும் ஒருவனின் கதை. அவனுக்குப் போக மனமில்லை என்று நானும் எழுதினேன், நல்லையாவும் எழுதினார். 'பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்' என்ற வரியை அவர் எடுத்துக் காட்டியிருந்தார். ரீச்சர் அவருடைய பந்தியைச் சுவரில் ஒட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. நான் காட்டியது, 'கதவை உள்ளங்கையால் தடவினான்' என்ற வரி.

ரீச்சர் நான் எழுதிய கொப்பியைக் கொண்டுவந்து என் அருகில் இருந்தார். "முத்தையா அண்ணை, இந்த வரி எங்கை?"

தேடினேன். கதையின் மூன்று பக்கத்திலும் இல்லை.

"அண்டைக்கு வாசிக்கேக்கை இருந்தது, ரீச்சர்."

"எடே, கதை எழுதினவனுக்கே கதை குடுக்கிறீர்!" என்றார் நல்லையா. எல்லோரும் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை.

"கதையிலை அவன் கதவைத் தொடேல்லை. அப்ப தொட்டது ஆர்?"

"நான்தான், ஊரை விட்டு வரேக்கை," என்றேன்.

"அது உங்கட வரி, அண்ணை. அதை உங்கட பந்திக்கு வைச்சிருங்கோ. கதையிலை வாற மனிசனுக்கு அவன்ரை வரியைத் தேடிக் குடுங்கோ."

செத்தவீட்டில், ரீச்சர் திருத்த வாங்கி வைத்திருந்த எங்கள் கொப்பிகளை அவருடைய மகள் திருப்பித் தந்தாள். நல்லையாவின் கொப்பியைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் 'மிக நன்று'. என்னுடையதில் ஓரிடத்திலும் அது இல்லை. 'எந்த வரி?', 'ஏன் அப்படி?', 'இன்னொரு தரம் வாசியுங்கோ' என்று ஓரமெல்லாம் சிவப்பு மை. வெட்கத்தில் மூடப்போனேன். நல்லையா என் கையிலிருந்து அதை வாங்கி வெகுநேரம் புரட்டினார்.

"எனக்கு ரெண்டு சொல்லோடை விட்டிட்டா," என்றார். "உமக்கு இருந்து எழுதியிருக்கிறா."

அவருடைய முகத்தில் நான் கண்டது எனக்கு நன்றாகப் பழகிய ஒன்று. அன்று எனக்குச் சோறு இறங்கியது.

ரீச்சருக்கு என்மேலும் அக்கறை இருந்தது. இது என் கருத்து. எந்த வரி என்று கேட்டால், அந்தச் சிவப்பு மை வரிகளைக் காட்டுவேன். இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை என்பது என் விளக்கம். என்றாலும் ஒரேயொரு 'மிக நன்று' போட்டிருக்கலாம், ரீச்சர்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கொப்பி. கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறார்: 'கதவைத் தடவிய பந்தி எங்கே?' அதை நான் இன்னும் எழுதவில்லை. இந்தத் தாளுக்கே நான்கு நாள் பிடித்தது, கை நோகிறது. அடுத்த கிழமை எழுதுவேன். நல்லையாவுக்குக் காட்டமாட்டேன்.