ஏழாவது கட்டத்தில் யார் பெயர்

நகராட்சி அலுவலகத்தின் தரைத்தளத்தில் ஆறு ஜன்னல்கள் உண்டு. நான்காவது ஜன்னலில் இறப்புச் சான்றிதழ் கொடுப்பார்கள். அதற்குப் பின்னால் பதினேழு வருடம் உட்கார்ந்திருந்த எழுத்தரை அலுவலகத்தில் எல்லாரும் ‘நாலாம் நம்பர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு ‘அக்கா’வைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அக்கா வேலையில் கறார். படிவத்தில் ஒரு தப்பு இருந்தாலும் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பித் தந்துவிடுவாள். “வேற படிவம் வாங்கி எழுதிட்டு வாங்க” என்பாள். கோபம் இல்லாமல், குரலை உயர்த்தாமல்தான் சொல்வாள். தன் வேலையைச் சுத்தமாகச் செய்கிறோம் என்ற நிம்மதி அவளுக்கு இருந்தது.

அந்த நிம்மதியில் மண்ணை அள்ளிப் போட்டவர் ஒரு தையல்காரர். மனைவியை இழந்தவர். மூன்று தடவை அவர் படிவத்தை அக்கா திருப்பி அனுப்பியிருந்தாள். நான்காவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. முத்திரை குத்திக் கொடுத்தபோது அவர் சண்டை போடவில்லை. சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, “நாலு தடவை எழுதிட்டேம்மா, அவ செத்துட்டான்னு. வீட்ல இன்னும் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லல” என்றார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அக்காவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேருந்து ஓட்டுநரான கணவர் விசாரித்தார். நடந்ததைச் சொன்னாள்.

“நீ விதிப்படிதானே செஞ்ச?”

“விதிப்படிதான் செஞ்சேன். அதுதான் உறுத்துது.”

அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத் துறை ஒன்று இருந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை வகுப்பு நடத்தினார்கள். அலுவலகப் பலகையில் அந்த அறிவிப்பு வருடா வருடம் ஒட்டப்படும், கிழியும், மறுபடி ஒட்டப்படும். அந்த வருடம் அக்கா அதை நின்று படித்தாள். நாற்பத்தாறு வயதில் விண்ணப்பம் போட்டாள். மருந்தியல் படித்துக்கொண்டிருந்த மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அம்மா, தேர்வுல காப்பியடிச்சா வீட்டுக்கு வராதே” என்றாள்.

முதல் மூன்று மாதம் திண்டாட்டம். கொள்கை, அமைப்பு, பொறுப்புடைமை என்று பாடங்கள் தலைக்கு மேலே பறந்தன. உடன் படித்தவர்களில் பாதிப் பேர் அவள் மகள் வயது. பாடம் எடுத்த விரிவுரையாளருக்கே முப்பது நிறையவில்லை. அந்தப் பெண் ஒருநாள் வகுப்பில், “மக்கள் ஏன் ஒரே வேலைக்கு அரசு அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப வர்றாங்க?” என்று கேட்டாள். ஆளாளுக்குப் பெரிய பெரிய காரணங்களை அடுக்கினார்கள். கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள்.

“நான் திருப்பி அனுப்புறேன் மேடம். அதனால வர்றாங்க.”

வகுப்பு சிரித்தது. விரிவுரையாளர் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாக உட்காரவைத்து, “அக்கா, உங்க ஆய்வே இதுதான். ஏன் திருப்பி அனுப்புறீங்கன்னு கண்டுபிடிங்க” என்றாள்.

திருப்பிய படிவங்களின் நகல்கள் அலுவலகக் கிடங்கில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. உணவு இடைவேளையில் அக்கா அங்கே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். தூசியில் தும்மித் தும்மி அறுநூறு படிவங்களைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் அவளுடைய சிவப்புச் சுழி. முக்கால்வாசிக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தது.

படிவத்தின் முதல் கட்டத்தில் ‘பெயர்’ என்று மட்டும் அச்சாகியிருந்தது. விண்ணப்பிப்பவர் தன் பெயரை எழுத வேண்டிய இடம் அது. இறந்தவர் பெயருக்கு ஏழாவது கட்டம். அதன் தலைப்பு ‘பதிவுக்குரியவர்’. வீட்டில் சாவு விழுந்து வந்து நிற்கிற மனிதர் ‘பெயர்’ என்றதும் யார் பெயரை எழுதுவார்? நெஞ்சில் இருக்கிற பெயரைத்தான். ஏழாவது கட்டத்துக்கு வரும்போது விழித்துவிட்டுத் தன் பெயரை எழுதுவார். உயிரோடு இருப்பவர் இறந்தவராகவும், இறந்தவர் விண்ணப்பதாரராகவும் மாறிவிடுவார்கள். உடனே சிவப்பு மை.

பதினேழு வருடம் இது தன் கண்ணில் படவில்லையே என்று அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆய்வேட்டில் அதை மறைக்கவில்லை. ‘இந்தப் படிவங்களைத் திருப்பியது நான்’ என்றே முதல் பக்கத்தில் எழுதினாள்.

முதல் கட்டத்தை ‘இறந்தவர் பெயர்’ என்றும், ஏழாவதை ‘விண்ணப்பிக்கும் உங்கள் பெயர்’ என்றும் மாற்றிக் கையால் ஒரு மாதிரி வரைந்து மேலாளரிடம் எடுத்துப்போனாள். மேலாளர் கெட்டவர் அல்ல, பயந்தவர். காகிதத்தைத் தொடாமலே பார்த்தார்.

“மேலிடத்துல இருந்து வந்த படிவம்மா இது. ஒரு கமாவை நகர்த்தினாக்கூட என் தலை உருளும். படிக்கிறது நல்லதுதான். அதை அங்கேயே வச்சுக்கோங்க.”

அக்கா அசரவில்லை. விரிவுரையாளரும் அவளும் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆணைத் தொகுப்புகளை இறக்கி, இரண்டு சனிக்கிழமை பக்கம் பக்கமாகத் தேடினார்கள். மூல ஆணையின் இணைப்பில், பொடி எழுத்தில் ஒரு வரி கிடைத்தது: ‘இது மாதிரிப் படிவம் மட்டுமே. கேட்கப்படும் விவரங்கள் குறையாதவரை, வரிசையையும் சொற்களையும் அந்தந்த அலுவலகம் மாற்றிக்கொள்ளலாம்.’ முப்பது வருடமாக ஒருவரும் படிக்காத வரி.

மேலாளர் அதை மூன்று முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

“மூணு மாசம். சோதனைக்கு மட்டும். ஏதாவது வம்பு வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“எதுவும் வராது சார்.”

முன்பெல்லாம் நூறு பேர் வந்தால் அறுபது பேர் மறுபடி வரவேண்டியிருந்தது. மூன்று மாத முடிவில் அது ஒன்பதாக இறங்கியிருந்தது. மேலாளர் சோதனை என்ற சொல்லையே மறந்துபோனார். அடுத்த அச்சுக்குப் புதுப் படிவத்தையே அனுப்பினார்.

இதற்கிடையில் துறைக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. பல நாடுகளின் நிர்வாகப் பள்ளிகளை மதிப்பிடும் ஒரு குழு வரப்போகிறது. அந்த அங்கீகாரம் கிடைத்தால் பட்டத்துக்கு எங்கும் மதிப்பு. நான்கு வருடத்துக்கு முன்னால் வந்தபோது, ‘கட்டுரைகள் நன்று, இவற்றால் இந்த ஊருக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். துறைத் தலைவருக்கு அது ஆறாத புண். இந்தத் தடவை கோப்புகள் அடுக்கப்பட்டன, சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன. விரிவுரையாளர் அக்காவின் ஆய்வேட்டையும் கோப்பில் சேர்த்தாள். “படிவத்துல ரெண்டு வார்த்தை மாத்தினது ஒரு சாதனையா?” என்று தலைவர் இழுத்தார். “இருக்கட்டும் சார், ஒரு ஓரமா” என்றாள் அவள்.

குழுத் தலைவி நரைத்த முடியும் தட்டைச் செருப்புமாக இருந்த ஓர் அம்மாள். கோப்பு மலையைப் புரட்டியவள் ஓரத்தில் கிடந்த அந்த ஆய்வேட்டில் நின்றுவிட்டாள். “இந்த ஜன்னல் எங்கே இருக்கிறது? பார்க்கவேண்டும்” என்றாள்.

திங்கட்கிழமை காலை. நான்காம் ஜன்னல் முன்னால் பதினோரு பேர் நின்றார்கள். துறைத் தலைவர் வியர்த்து வழிய நேராக ஜன்னலுக்கு வந்து, கம்பி வழியே தலையை நீட்டினார்.

“அம்மா, குழு வந்திருக்கு. கொஞ்சம் வெளியே வாங்க.”

அக்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். ஆனால் ஜன்னல் விளிம்பில் ஒரு பெண்மணியின் படிவம் பாதி சரிபார்த்த நிலையில் கிடந்தது. கணவரை இழந்து ஒன்பதாம் நாள் வந்திருந்தவள்.

“சார், வரிசையில வரச் சொல்லுங்க சார். இவங்கல்லாம் முன்னாடியே வந்தவங்க.”

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே குழுத் தலைவியிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் பன்னிரண்டாவது ஆளாகப் போய் நின்றாள். வேறு வழி? மற்ற இரண்டு உறுப்பினர்களும் நின்றார்கள். தலைவர் பதினைந்தாவது.

நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் குழுத் தலைவி முன்னால் நின்றவர்களிடம் பேச்சுக் கொடுத்தாள். ஒரு முதியவர் தன் படிவத்தைக் காட்டி, “எழுதறதுல கஷ்டமே இல்லம்மா. எழுதத்தான் மனசு வரல” என்றார். மொழிபெயர்ப்பாளர் அதையும் சொன்னார். பதினோரு பேரில் ஒருவரும் திருப்பி அனுப்பப்படவில்லை என்பதையும் அந்த அம்மாள் விரல் விட்டு எண்ணிக்கொண்டாள். ஜன்னலுக்கு வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள்: “பதினேழு வருடம் கழித்து ஏன் படிக்க வந்தீர்கள்?”

அக்கா தையல்காரர் கதையைச் சொன்னாள். வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.

துறைக்கு ஆறு வருட அங்கீகாரம் கிடைத்தது. அறிக்கையில் நூலகத்துக்கு நாலு வரி, பேராசிரியர்களின் கட்டுரைகளுக்கு எட்டு வரி, நான்காம் ஜன்னலுக்கு ஒரு முழுப் பக்கம். அதே வருடம் சிறந்த மக்கள் சேவை ஆய்வுக்கான தேசிய விருதும் துறைக்கு வந்தது. விருதை வாங்க மேடைக்குப் போன தலைவர் பாதியில் நின்று, “இது என் கைக்கு வரவேண்டியது இல்ல. நானே இதை ஓரத்துல வைக்கப் பார்த்தவன்” என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லி அக்காவைக் கூப்பிட்டார். மூன்றாவது வரிசையில் கணவர் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். பணிமனையிலிருந்து நேராக வந்தவர். மகள்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.

இப்போது இருபத்திரண்டு நகராட்சிகளில் அந்தப் படிவம் ஓடுகிறது. துறையில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரம் ஏதாவதொரு அலுவலக வரிசையில் நின்று, பார்த்ததை எழுதித் தரவேண்டும். விரிவுரையாளர் கொண்டுவந்த விதி அது. நகராட்சி அலுவலகத்தில் அக்காவுக்குப் பதவி உயர்வு கொடுத்து மாடிக்கு அனுப்பினார்கள். அக்கா ஏற்றுக்கொண்டாள், ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பெருமை தேடவில்லை. எல்லாப் படிவங்களையும் சீர்படுத்தும் பிரிவு அது.

முதலில் திருமணப் பதிவுப் படிவத்தை எடுத்திருக்கிறாள். இரண்டாம் ஜன்னல்காரர் முறைத்துக்கொண்டே திரிகிறார்.

“அக்கா, சாவுக்குப் பண்ணினது சரி. என் படிவத்துல என்ன குறை?”

“மாப்பிள்ளை பேர் எழுதற இடத்துல நேத்து ஒருத்தர் மாமனார் பேரை எழுதியிருக்கார் தம்பி.”

“அது பதட்டத்துல எழுதினது!”

“பதட்டத்துலதானே எல்லாரும் வர்றாங்க” என்றாள் அக்கா, அடுத்த படிவக் கட்டைப் பிரித்துக்கொண்டே.