ஆசுபத்திரியும் குருவியும்

பழைய வண்டி ஓட்டுறவனுக்கு ரெண்டு கூலி: ஒண்ணு வாடகை, இன்னொண்ணு வசவு. நீங்களும் காலங்காத்தால ஹேண்டில் சுத்தி, தோள்பட்டை கழண்டு, கடைசியில நாலு பேரைத் தள்ளக் கூப்பிட்ட ஜாதின்னா என் பக்கத்துல வந்து குந்துங்க. நம்ம கதைதான்.

ரெண்டு வண்டி, ஒரு கெடு

ஆந்திரா தனியா பிரிஞ்ச புதுசு. புத்தூர் ஸ்டேஷன் எதிர்ல எங்களுக்கு ரெண்டு வண்டி நின்னுக்கினு இருக்கும். பெரிசு, யுத்தம் முடிஞ்சு மிலிட்டரிக்காரன் ஏலத்துல கழிச்சுவிட்ட ஆம்புலன்ஸ். உள்ள ரெண்டு பக்கமும் நோயாளியைப் படுக்க வைக்கிற பலகை, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. நடுவுல ஒரு தட்டி, முன்னால ஒரு கதவு, பின்னால ஒரு கதவு. ஊரே அதை 'ஆசுபத்திரி'ன்னு கூப்பிட்டுச்சு. சின்னது, எங்க அக்கா புருஷன் தேசப்ப மாமா மெட்ராஸ்ல ஆசைப்பட்டு வாங்கின வேன். அதுக்குப் பேரு 'குருவி'. பெரிசை நான் ஓட்டுவேன், சின்னதை அவரு.

ஆசுபத்திரி பெட்ரோலைக் குடிக்கும், அதை நான் மறைக்கலை. மாமாவுக்கு அதைப் பார்த்தாலே ஆவாது. மாம்பழ சீசன் முடிஞ்சதும் பழைய இரும்புக்குப் போட்டுடறதுன்னு முடிவே பண்ணிட்டாரு. மெட்ராஸ் வியாபாரிக்கு லெட்டரும் போட்டுட்டு என்கிட்ட வந்து சொன்னாரு: "அது வண்டி இல்லடா, நாலு சக்கரம் வச்ச கடன்காரன்."

இருபத்தோரு தட்டு

நாராயணவனத்துப் பொண்ணு, திருப்பதியில கல்யாணம். மாமா குருவியைக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்தினாரு. பளபளன்னு துடைச்சு, முன்னால பூவெல்லாம் சுத்தி. ஜனம் ஏறிடுச்சு. அப்பத்தான் சீர்த்தட்டு வெளியில வந்துச்சு, இருபத்தோரு தட்டு. குருவியில தட்டு வைக்கிற இடம் காலடிதான். பொண்ணோட அத்தை வாசப்படியிலேயே நின்னுட்டாங்க. சீர் மேல யார் கால் பட்டாலும் இந்தக் கல்யாணமே வேணாம்னுட்டாங்க. ஒருத்தர் மடியில வச்சிக்கலாம்னாரு, இன்னொருத்தர் கூரை மேல கட்டலாம்னாரு. முகூர்த்தம் நெருங்கிக்கினே இருந்துது.

எனக்கு ஆள் அனுப்பினாங்க. நான் போய் மேல் பலகை ரெண்டையும் இறக்கி மாட்டி, ஈரத்துணியால தொடைச்சு வெள்ளை வேட்டி விரிச்சேன். இருபத்தோரு தட்டும் தலைக்கு மேல வரிசையா உக்காந்துச்சு, ஒரு வெத்தலை கூட சரியலை. தாலி கட்டி முடிஞ்சதும் சத்திரத்துல படுக்க இடமில்லைன்னு பொண்ணோட பெரியப்பா ரெண்டு பேரும் அதே பலகையில பகலெல்லாம் குறட்டை விட்டாங்க. அத்தை எனக்கு இலை போட்டு, பக்கத்துல நின்னு சொன்னாங்க: "அந்தச் சின்ன வண்டியில வந்திருந்தா சீரை ஏத்திட்டு பொண்ணை நடக்க உட்டிருப்போம்."

பாவுத் தெரு

எப்பவும் நான்தான் ஜெயிச்சேன்னு நெனைக்காதீங்க. நகரியில நெசவுத் தெருவுல புடவை மூட்டை ஏத்தப் போனேன். தெரு நீளத்துக்கும் தறியில ஏத்தற பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்தாங்க. ஓரமா குருவி போவும், ஆசுபத்திரி போவாது. ரெண்டு தடவை ஹாரன் அடிச்சேன், புத்தி கெட்டுப்போய். கஞ்சி தோய்ச்ச கையோட ஒரு அம்மா எழுந்து வந்து, வண்டியை மேலயும் கீழயும் பார்த்துட்டுக் கேட்டாங்க: "நூல் அறுந்தா உன் வண்டியா உக்காந்து முடிச்சுப் போடும்?"

ஒரே வண்டியில ரெண்டு மனு

அப்ப எல்லைத் தகராறு சூடா இருந்துது. எங்க ஊரு மெட்ராஸோட சேரணும்னு ஒரு கட்சி, ஆந்திராவுலேயே இருக்கணும்னு ஒரு கட்சி. ரெண்டு கட்சியும் ஒரே நாள்ல சித்தூருக்குப் போய் அதிகாரிகிட்ட மனு கொடுக்கணும். தமிழ்க் கட்சிக்கு சுப்புராய வாத்தியார், அவருக்குக் குருவி. தெலுங்குக் கட்சிக்குக் கணக்கு எழுதுற கரணம், அவருக்கு ஆசுபத்திரி. காலையில பார்த்தா குருவி எழுந்திருக்கவே இல்லை. வேற வழியில்லாம தட்டிக்கு முன்னால தமிழை ஏத்தினேன், பின்னால தெலுங்கை ஏத்தினேன். கார்வேட்டிநகரம் வரைக்கும் ஒழுங்கா போச்சு. ஒரு மேட்டுல வண்டி மூச்சு வாங்கி நின்னுடுச்சு. ரெண்டு கட்சியும் இறங்கித் தள்ளுச்சு. தள்ளுறதுக்கு வசதியா ரெண்டு தலைவர்களும் மனு வச்சிருந்த மஞ்சப் பையை என் சீட்டுல போட்டாங்க. ரெண்டும் ஒரே கடைப் பை.

சித்தூர்ல அவசரமா ஆளுக்கொண்ணை எடுத்துக்கினு ஓடினாங்க. வாத்தியார் அதிகாரி மேஜையில வச்சது கரணத்தோட மனு. கரணம் வச்சது வாத்தியாரோட மனு. வெளியில வந்து அதிகாரி கொடுத்த ரசீதைப் படிச்சப்பத்தான் தெரிஞ்சுது. வாத்தியார் வெளுத்துப்போயிட்டாரு. திரும்பறப்போ தட்டியைக் கழட்டி வைக்கச் சொல்லி கரணமே அவர் பக்கத்துல வந்து உக்காந்தாரு. பொட்டலத்தைப் பிரிச்சு, பாதித் தயிர்சாதத்தை அவர் பக்கம் தள்ளிட்டுச் சொன்னாரு: "போனீண்டி, போவட்டும் வாத்தியாரே, ரெண்டும் சேர வேண்டிய மேஜைக்குத்தானே சேர்ந்துச்சு."

கொப்பரை

மாம்பழ சீசன் முடிஞ்சுது. பழைய இரும்பு வியாபாரி நாகப்பன் மெட்ராஸ்லேர்ந்து கிளம்பிட்டாருன்னு சேதி வந்துது. வண்டியைக் கழுவினேன், துடைச்சேன், திரும்பவும் கழுவினேன். மத்தியானம் ஆயும் அவரைக் காணோம், சேதிதான் வந்துது. வழியில நகரிகிட்ட ஒரு கரும்புத் தோட்டத்துல வெல்லம் காய்ச்சற கொப்பரை ரெண்டும் ஆலை உருளை மூணும் மலிவா கெடைச்சிருக்கு. தன்னோட வேன்ல ஏத்தியிருக்காரு. அதுவும் குருவி மாதிரி சின்ன வேன்தான். ரோட்டுக்கு வர்றதுக்குள்ள ஸ்ப்ரிங் பட்டை படார்னு உடைஞ்சு உக்காந்துடுச்சு.

மாமா குருவியை எடுத்துக்கினு பறந்தாரு. நான் பின்னாலயே போனேன். ஒரு உருளையை ஏத்தினதும் குருவியோட பின்பக்கம் தரையைத் தொட்டுச்சு, முன் சக்கரம் லேசா ஆகாசத்தைப் பார்த்துச்சு. மாமா என்னைப் பார்க்கவே இல்லை. உருளையை இறக்கிட்டு, நான் ஆசுபத்திரியோட பலகையெல்லாம் மடக்கினேன். மூணு உருளையும் தரையில, கொப்பரை ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா அதுங்க மேல. நாகப்பனோட வேனையும் கயிறு கட்டிப் பின்னால மாட்டினேன். கடைசி ஓட்டம், அசிங்கப்படுத்தாதேன்னு அதோட காதுல சொல்ற மாதிரி சொல்லிட்டு ஹேண்டிலைச் சுத்தினேன். ஒரே சுத்துல எழுந்துச்சு. புத்தூர் வரைக்கும் ஒரு இடத்துலயும் நிக்கலை, ஒரு தடவை கூட இருமலை. பின்னால மாமா காலி குருவியில வந்துக்கினு இருந்தாரு.

ஸ்டேஷன் எதிர்ல நிறுத்தி இறங்கினேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு, தொடைச்சுக்கக் கூட இல்லை. ஹேண்டிலை நாகப்பன் கையில கொடுத்தேன். அவரு அதை வாங்கி, வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து, மாமாவையும் குருவியையும் ஒரு பார்வை பார்த்துட்டு, ஹேண்டிலைத் திரும்ப என் கையிலேயே திணிச்சாரு. "இதை உடைச்சா எனக்கு ஒருநாள் பொழைப்பு, ஓட்டினா வாரா வாரம் பொழைப்பு. வெள்ளிக்கிழமை திருப்பதியில சரக்கு இருக்கு, டிரைவரே, நேரத்தோட வந்துடு."

அதுக்கப்புறம் எட்டு வருசம், பழைய இரும்பா போவ வேண்டிய வண்டி பழைய இரும்பை ஏத்திக்கினு போச்சு; தேசப்ப மாமா மட்டும் கடைசி வரைக்கும் குருவிதான் ஒசத்தின்னு ஆசுபத்திரியோட மேல் பலகையில படுத்துக்கினே சொல்லிக்கினு இருந்தாரு.