ஆறு மெஷினும் ஒரு மறுப்பு நோட்டீசும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில், மெஷினைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பவர் யாரும் "நல்லா ஆயிடுமா" என்று கேட்பதில்லை. "பழைய மாதிரியே இருக்குமா" என்றுதான் கேட்பார். வைரசோடும் கிராக் போட்ட விண்டோஸோடும் மல்லுக்கட்டும் சக பாவிகளே, உங்களுக்கும் இது தெரிந்ததுதான்.

பெருநாள் கெடு

என் படிப்பு நோட்டீஸ் படிப்பு. கடலூரில் ஓர் ஆலையின் கேட்டில் துண்டறிக்கை கொடுத்தவன் நான். கொடுப்பதற்கு முன் எழுத்துக்கூட்டிப் படித்ததில்தான் உலகம் பிடிபட்டது. வேலைநிறுத்தத்தில் வேலை போயிற்று. சங்கத்தில் கூட இருந்தவர்கள் சமாதானமாகி உள்ளே போனார்கள், நான் போகவில்லை. பிறகு சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் போகும் ரோட்டில் ரிப்பேர் கடை போட்டேன். வருகிற மெஷினுக்கெல்லாம் லினக்ஸ் போடுவேன். முதலாளி இல்லாத மென்பொருள், யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். இதைவிட நல்ல சங்கம் எங்கே இருக்கிறது?

கடலூர் ஓ.டி.யிலிருந்து, அதாவது பழைய டவுனிலிருந்து, நிஜாம் வந்தான். பத்து வருடம் துபாயில் இருந்துவிட்டு, சேர்த்ததையெல்லாம் போட்டு அங்கே ஆறு மெஷினில் கேம்ஸ் சென்டர் வைத்தவன். ஆறிலும் கிராக் விண்டோஸ், திருட்டுக் காப்பி. எவனோ செருகிய பென் டிரைவிலிருந்து வைரஸ் வந்து மாதத்துக்கு இரண்டு முறை எல்லாம் படுத்துவிடும். எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றிவிடலாம் என்றேன். விளையாட்டு ஓடுமா என்று மட்டும் கேட்டான். ஓடும் என்றேன். பிறகு சொன்னான்: "பெருநாளுக்குள்ள கடை நிக்கலன்னா மறுபடி விசா எடுக்கணும் மாமா. பாஸ்போர்ட்ட மேசை மேலயே வச்சிருக்கேன்."

கை தூக்கிய வாக்கெடுப்பு

லினக்ஸில் பல வகை உண்டு. எதைப் போடுவது என்று நானே முடிவு செய்திருக்கலாம். ஆனால் பொதுக்குழு கூட்டாமல் நான் எதையும் செய்து பழக்கமில்லை. மூன்று மெஷினில் மூன்று வகையைப் போட்டு, வழக்கமாக ஆட வருபவர்களை ஒரு வாரம் பழகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சாதக பாதகங்களை அரை மணி நேரம் விளக்கிப் பேசினேன். நிஜாமின் மனைவி ஆயிஷா எல்லோருக்கும் டீ கொடுத்தாள்.

நான் முன்மொழிந்த வகைக்கு ஒரே ஒரு கைதான் எழுந்தது. அது என்னுடையது. மற்றவர்கள் எல்லோரும் மின்ட் என்ற வகையின் பக்கம். கார் ரேஸ் ஆட வரும் பவித்ரா, இன்ஜினியரிங் மாணவி, தோற்றவனுக்கு ஆறுதலாகக் காரணம் சொன்னாள்: "ஸ்டார்ட் பட்டன் இருக்க வேண்டிய எடத்துல இருக்கு அங்கிள். மொதல் நாள் புரட்சிக்கு அது போதும்."

'எல்லா' என்ற சொல்

ஆறு மெஷினும் மாறின. கார் ரேஸ் ஓடியது, கால்பந்து ஓடியது. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டித் தரும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதை இறக்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பென் டிரைவ் வைரஸ்கள் வந்து, கடிக்க ஒன்றுமில்லாமல் திரும்பிப் போயின. மூன்று வாரம் ஒரு மெஷினும் படுக்கவில்லை. என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நெஞ்சு நிமிர்ந்தால் கை நோட்டீஸ் எழுதும். ரோஸ் தாளில் அடித்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நானே நின்று கொடுத்தேன். கொட்டை எழுத்தில்: "எல்லா விளையாட்டும் ஓடும்!"

அடுத்த சனிக்கிழமை அண்ணாமலை நகர் ஹாஸ்டலிலிருந்து ஐந்து பேர் பஸ் ஏறி வந்தார்கள். போட்டிக்குப் பயிற்சியாம். அவர்கள் ஆடுவது ஒரு துப்பாக்கி விளையாட்டு. அது, ஏமாற்றி ஆடுபவனைப் பிடிக்க ஒரு காவல்கார மென்பொருளையும் கூடவே கொண்டுவருகிறது. விண்டோஸின் அடிமடி வரை கைவிட்டுப் பார்க்கும் அந்தக் காவல்காரன், லினக்ஸைக் கண்டால் ஆட்டத்தையே திறக்க விடுவதில்லை. மூன்று மணி நேரம் முட்டினேன். கதவின் தாழ்ப்பாள் என் பக்கத்தில் இல்லை. கடைசியில் அவர்களில் மூத்தவன் நோட்டீசை நான்காக மடித்து என் கையில் கொடுத்தான்: "'எல்லா'ன்னு போட்டுட்டீங்களேண்ணே. 'நெறைய'ன்னு போட்டிருந்தா போன் பண்ணிக் கேட்டுட்டு வந்திருப்போம்."

மறுப்பு

நிஜாம் கோபப்படவில்லை. பெருநாளுக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. ஆறிலும் பழையபடி விண்டோஸே போட்டுவிடுங்கள் என்று மெதுவாகக் கேட்டான். அந்த மெதுவான குரலைத்தான் தாங்க முடியவில்லை.

ஒன்று சொல்கிறேன். ஆலைக் காலத்தில் ஒரு நாள் "நிர்வாகம் பணிந்தது" என்று நோட்டீஸ் எழுதினேன். பேச்சு முடிவதற்குள் எழுதிவிட்டேன். மறுநாள் காலை அதை நம்பி வேலைக்கு வந்தவர்கள் கேட்டில் பூட்டைப் பார்த்தார்கள். மறுப்பு எழுதலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். எதிரிக்குத் தீனி போடுவதா என்று மறுத்துவிட்டேன். அந்த ஆட்கள் பிறகு நான் கொடுத்த எந்தத் தாளையும் வாங்கவில்லை.

இந்த முறை எழுதினேன். அதே ரோஸ் தாள். இடது பக்கம் 'ஓடும்' பட்டியல், வலது பக்கம் 'ஓடாது' பட்டியல், அடியில் 'முந்தைய நோட்டீஸ் தவறு' என்று என் பெயரோடு. எந்தக் கடைக்காரனாவது தன் கதவிலேயே ஓடாது என்று ஒட்டுவானா என்று நிஜாம் தலையில் கை வைத்தான். ஒட்டினேன். இரண்டு மெஷினில் மட்டும் முறையாக வாங்கிய விண்டோஸ், நான்கில் மின்ட். பஸ் ஸ்டாண்டிலும் அதே இடத்தில் நின்று கொடுத்தேன்.

ஐந்து பேரும் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் துப்பாக்கியோடு உட்கார, முறைக்குக் காத்திருந்த மூவரும் லினக்ஸில் கால்பந்து ஆடினார்கள்; பிறகு எழவே இல்லை. ஏமாற்றாத கடை என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றவர்களே வந்தார்கள். அந்த நான்கு மெஷினையும் இன்றுவரை நான் மறுபடி பார்மட் செய்யவில்லை. இதைச் சொல்லும்போது மீசையைத் தொடாமல் இருக்க முடியவில்லை. பெருநாளன்று பிரியாணிக்குக் கூப்பிட்டார்கள். மேசை மேல் பாஸ்போர்ட் இல்லை. நான் தேடுவதை ஆயிஷா பார்த்துவிட்டாள்: "பீரோவுல வச்சிப் பூட்டிட்டேன் மாமா. சாவி அவுங்க கிட்ட இல்ல, என்கிட்டதான் இருக்கு."

நாற்பது வருடம் நோட்டீஸ் எழுதியதில் ஒரு ஆளை ஊரோடு நிறுத்தி வைத்தது, நான் எழுதியது தப்பு என்று நானே அடித்துக் கொடுத்த அந்த ஒன்றுதான்.