ஏழும் பதின்மூன்றும்

அறுபத்தைந்தில், இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில், நான் திருப்பாதிரிப்புலியூரில் சின்ன அச்சகம் வைத்திருந்தேன். அக்காவின் கணவர் சிதம்பரத்தில் இருந்தார். கதை எழுதுபவர். வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. அவர் கதைகளில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, எண்கள்தான். முற்றுப்புள்ளியும் கிடையாது. எந்தப் பத்திரிகையும் போடாததால் நானே புத்தகமாகப் போடத் துணிந்தேன்.

அவர் திருத்துவதற்காகப் புரூஃபை எடுத்துக்கொண்டு போனபோது சிதம்பரம் ரயில்நிலையத்தில் போலீஸ் என் பையைச் சோதித்தது. தாள்களைப் படிக்கப் படிக்க இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது.

"யார்யா இந்த ஏழு? பதின்மூணு எங்க பதுங்கியிருக்கான்?"

"கதை சார். எங்க மாமா எழுதுனது."

"கதையா? 'ஏழு ஆற்றைக் கடந்தது பதின்மூன்று தண்டவாளத்தில் காத்திருந்தது'ன்னா என்னய்யா அர்த்தம்? ரயிலக் கவுக்கறதுக்குத் திட்டமா?"

என்னைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டு, மாமாவைக் கூட்டிவர ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார். பெஞ்சில் என் பக்கத்தில் சட்டை கிழிந்த மாணவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். மாமா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே போகாதவர்.

வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியபடி.

"நீங்க எழுதுனதுன்னா பாக்காம சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். நடுங்கிய குரல் போகப் போகத் தேறியது. தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்த இன்ஸ்பெக்டர் சட்டென்று மேஜையைத் தட்டினார்.

"நிறுத்துங்க. பதின்மூன்று கண்ணீர் வடித்ததுன்னு சொல்றீங்க. இங்க வெடித்ததுன்னு இருக்கு. கண்ணீர்ப்புகையத்தான சொல்றீங்க?"

மாமா தாளை வாங்கிப் பார்த்தார். முகத்தில் பயம் போய்க் கோபம் ஏறியது. கோபம் என்மேல்.

"என்ன மச்சான் இது? ஒரு கொம்ப ஜாஸ்தியாப் போட்டு வச்சிருக்க!"

இன்ஸ்பெக்டரின் பேனாவைக் கேட்காமலே எடுத்து அந்தக் கொம்பை அடித்தார். அதோடு விடவில்லை. நின்றபடியே அடுத்த தாளையும் திருத்த ஆரம்பித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"எப்பவும் இப்படித்தானாம்மா?"

"ஆமாங்க."

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க."

வீடு போய்ச் சேரும்வரை அக்கா அவர் கையை விடவில்லை. உள்ளே போனதும் மாமா அறைக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

புத்தகம் அந்த வருஷமே வந்தது. கடைக்காரர்கள் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். அதைச் சொல்லத்தான் போனேன். கதவைத் திறக்காமலே கேட்டுக்கொண்டார்.

"சரி. அடுத்ததுக்கு நல்ல காகிதமா வாங்கு மச்சான்."

வாங்கினேன்.