நாலாவது ஆணி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த சவரிமுத்துவுக்கு மக்கள் மூன்று பேர். மூத்தவள் ஜோசஃபின், நடுவில் கென்னத், கடைக்குட்டி லியோனல். குவார்ட்டர்ஸை இடித்ததும் குடும்பம் பக்கத்திலேயே ஓர் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடிக்குப் போனது. அப்பனும் ஆத்தாளும் அந்த வீட்டிலிருந்துதான் கல்லறைக்கு இறங்கினார்கள். கென்னத் பெண் கட்டி சுங்கை பூலோவில் குடியேறினான். அக்காளுக்கு முதலில் கல்யாணம் ஆகட்டும் என்று லியோனல் நின்றான். தம்பிக்கு ஆகட்டும் என்று அக்காள் நின்றாள். இருவரும் நின்றபடியே நரைத்துப் போனார்கள்.

லியோனலுக்கு ஐம்பத்தெட்டு வயது. கிள்ளானில் கப்பல் சரக்கு கம்பெனி ஒன்றில் கிளார்க். காலையில் கம்யூட்டர் ரயிலில் போய் மாலையில் அதே ரயிலில் திரும்புகிறவன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கேமரா மட்டும்தான். கோயில் திருநாள், பிள்ளைகளின் புதுநன்மைப் பூசை, பிறந்தநாள் எதுவானாலும் கழுத்தில் கேமராவோடு அவன் நிற்பான். முன்பெல்லாம் சொந்தக்காரர்கள் இழுத்துப் பிடித்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். பிறகு விலக ஆரம்பித்தார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. செந்தூலில் இருந்த எவலின் அத்தை, சவரிமுத்துவின் ஒரே தங்கை, ஈஸ்டர் அன்று தனியாக உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அடுத்த மாதம் அந்தப் படத்துக்கே மாலை போட்டார்கள். அவள் சம்பந்தி பேசில் என்பவர், தெலுக் பங்லிமா காராங்கில் புது வீடு கட்டிக் குடிபோன அன்று வாசலில் நின்று சிரித்தார். ஆறு வாரத்தில் அந்தச் சிரிப்பும் சுவருக்குப் போனது. மூன்றாவது கென்னத். பிறந்தநாள் கேக்கை வெட்டும்போது லியோனல் கைப்பேசியில் ஒன்று எடுத்தான். மூன்று வாரம் கழித்து, கார் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு நெஞ்சு அடைத்தது.

"லியோனல் வரான், வாங்க லா போவோம்" என்று கல்யாண வீட்டில் கேலி பேசிக்கொண்டே எழுந்து போகிறவர்கள் உண்டு. கேலிதான். ஆனால் எழுந்து போவதும் நிஜம்தான்.

"எல்லாம் வயசானவங்க, நோயாளிங்க. கேமரா என்ன செய்யும்?" என்பான் லியோனல்.

வீட்டுக் கூடத்துச் சுவரில் மூன்று படங்கள் இருந்தன. அப்பாவினுடையது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது, முகம் ஈரத்தில் ஊறிய காகிதம் மாதிரி இருக்கும். அம்மாவுடையது யாரோ ஒருவருடைய கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து வெட்டியெடுத்தது. அம்மாவின் தோளில் இன்னும் வேறொருத்தியின் கை இருக்கிறது, யார் கை என்று சொல்ல ஆளில்லை. கென்னத்துடையது அந்தக் கைப்பேசிப் படம். பெரிதாக்கியதில் கன்னம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. மூன்று பேர் போனார்கள், மூன்று பேருக்கும் முகம் மிஞ்சவில்லை. லியோனலின் மனதை அறுத்தது இதுதான்.

கென்னத் படத்தை மாட்ட அவன் எதிர்வீட்டு கார்த்திகேசுவிடம் டிரில் இரவல் வாங்கினான். சிமெண்டுச் சுவர். டிரில் கையில் இருக்கும்போதே இருக்கட்டும் என்று, கென்னத்துக்கு வலப்பக்கம், அதே உயரத்தில், அதே இடைவெளி விட்டு இன்னொரு துளையும் போட்டுத் திருகாணியையும் முறுக்கிவிட்டான். முறுக்கி முடித்துத் திரும்பியபோதுதான் அக்காள் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவளுடைய நாற்காலி அந்தச் சுவருக்கு நேர் எதிரே.

"அது யாருக்குடா?"

"சும்மாக்கா. காலண்டர் மாட்டலாம்."

காலண்டர் எதையும் அவன் மாட்டவில்லை. ஜோசஃபினும் மறுபடி கேட்கவில்லை. அப்போதே அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் முடித்து வந்து, அந்த நாற்காலியில் சாய்ந்து, எதிரே அந்த ஆணியைப் பார்த்தபடி கிடப்பாள்.

இந்த வருசம் ஜனவரியில் டாக்டர் லியோனலைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அக்காளுக்கு இதயமும் தளர்ந்துவிட்டது, எப்போது என்று சொல்ல முடியாது என்றார். அன்று ரயிலில் உட்கார்ந்து லியோனல் ஒரே ஒரு முடிவு எடுத்தான். அக்காளின் முகமாவது மிஞ்ச வேண்டும்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்துல் கனியிடம் ஒரு பழைய கேமரா இருந்தது. ஜப்பான் ரேஞ்ச்ஃபைண்டர், அகல ஃபிலிம் போடுவது. ஒரு ரோலில் எட்டுப் படம்தான், ஆனால் ஒவ்வொரு நெகடிவும் உள்ளங்கையில் பாதி இருக்கும். எத்தனை பெரிதாக்கினாலும் உடையாது. விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு லியோனல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றான்.

கனி பாய் சேலைக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து கேமராவை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். செங்கல் கனம்.

"ஏன் பாய் விக்கிறீங்க?"

"கண்ணுல பொரை விழுந்திருச்சு தம்பி. இதுல பாரு, நடுவுல மஞ்சக் கட்டம் இருக்கும். அதுக்குள்ள ஒரே ஆளு ரெண்டா தெரிவாரு. வளையத்தத் திருப்பித் திருப்பி ரெண்டையும் ஒண்ணாக்கணும். எனக்கு இப்ப உலகமே ரெண்டா இருக்கு, எதைப் போய் ஒண்ணாக்க?"

லியோனல் கண்ணை வைத்துப் பார்த்தான். தெருவில் பூக்கட்டுகிறவள் இரண்டாகத் தெரிந்தாள். வளையத்தைத் திருப்பினான். ஆவி மாதிரி நின்ற இரண்டாமவள் மெல்ல நகர்ந்து வந்து முதலாமவளுக்குள் புகுந்துகொண்டாள். அவனுக்கு ஏனோ புல்லரித்தது.

"யாரை எடுக்கப் போற?" என்றார் கனி.

"அக்காவ."

கனி கேமராவை ஒருமுறை தடவினார். பிறகு சொன்னார்: "நான் இதுல ஆள எடுத்தது ஒரே ஒரு தடவ. ஹபீபாவ. நோன்புப் பெருநாளைக்கு. பிரிண்ட் வந்துச்சு, பாத்தா கழுத்துல இங்க ஒரு வீக்கம். நாப்பது வருசம் பக்கத்துல படுத்தவன், என் கண்ணுக்குத் தெரியல. இதுக்குத் தெரிஞ்சிருச்சு. டாக்டர்கிட்ட ஓடுனோம். லேட்டு. அப்புறம் கட்டடம், கப்பல், இதுங்களத்தான் எடுத்தேன்."

"கேமரா என்ன பாய் செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது. பாக்கும், அவ்வளவுதான்." கேமராவைத் துணிப்பையில் போட்டபடி கனி விரலை நீட்டினார். "மூடிய மறந்துறாத. நீ பாக்குறது மேல இருக்கிற சன்னல் வழியா. படம் எடுக்கிறது கீழ லென்ஸ். மூடி போட்டிருந்தாலும் உனக்கு ஊரெல்லாம் வெளிச்சமா தெரியும்."

"நாப்பது வருசமா கேமரா பிடிக்கிறேன் பாய். என்கிட்டயா?" என்று லியோனல் சிரித்தான். அவன் பிடித்ததெல்லாம் லென்ஸ் வழியாகவே பார்க்கிற கேமராக்கள். மூடி இருந்தால் உடனே இருட்டாகத் தெரியும். அந்தப் பழக்கத்தில்தான் சிரித்தான்.

சனிக்கிழமை காலை. பால்கனிப் பக்கமிருந்து நல்ல வெளிச்சம். ஜோசஃபினிடம் அவன் எதையும் விளக்கவில்லை, புதுக் கேமராவைச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான். அவள் கேமராவையும் பார்த்தாள், அதற்குப் பின்னால் சுவரையும் பார்த்தாள்.

"சோதிக்கிறதுக்கு நீ போய் ஆத்துப் பாலத்த எடேன்."

"பாலம் சிரிக்காதுக்கா."

"நான் மட்டும் சிரிச்சிக்கிட்டா இருக்கேன்?" என்றாள். ஆனாலும் நீலச் சேலை கட்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லியோனல் டிரைபாட் முக்காலியில் கேமராவை நிறுத்தினான். மூடியைக் கழற்றி லென்ஸை ஊதித் துடைத்தான். கைப்பேசியில் வெளிச்சத்தை அளக்கப் போகும்போது தூசி படக்கூடாதென்று மூடியைத் திரும்பப் போட்டான். பிறகு கேமராவின் சன்னலில் கண்ணை வைத்தான். இரண்டு ஜோசஃபின்கள் தெரிந்தார்கள். திருப்பினான், ஒருத்தியானாள். அழுத்தினான்.

அவள் நேராக லென்ஸைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். இவ்வளவு பொறுமையாக அவள் படத்துக்கு உட்கார்ந்ததே கிடையாது. ஏழு படம் எடுத்தான். ஏழுக்கும் உதட்டோரத்தில் ஒரு சின்ன வளைவு இருந்தது. இது சுவருக்கு ஏற்ற முகம் என்று நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வைதுகொண்டான்.

"இன்னும் எத்தன?"

"ஒண்ணு."

"அத நான் எடுக்கிறேன். வா, வந்து உக்காரு."

"நீயாக்கா?"

"ஏன், என் கை இன்னும் இருக்குல்ல? எல்லாரையும் எடுக்கிற, உன்ன யாரு எடுத்தா?"

அது உண்மைதான். லியோனல் போய் நாற்காலியில் உட்கார்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அவள் முக்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நின்றாள். அவள் கை கேமராவின் முன்பக்கம் போய் வந்தது. எதையோ தடவிப் பார்க்கிறாள் என்று அவன் எண்ணினான்.

"எங்க பாக்க?"

"சுவரப் பாரு."

சுவரில் அப்பா, அம்மா, கென்னத், அப்புறம் ஆணி. எங்கே பார்ப்பது என்று கண் தடுமாறி ஆணியில் போய் நின்றது. கிளிக் என்றது.

ஃபிலிமைக் கழுவ கோலாலம்பூரிலேயே ஒரு லேபில் கொடுத்தான். அடுத்த வாரம் போனபோது அங்கிருந்த சீனப் பெண் நீளமான நெகடிவை விளக்குப் பெட்டிமேல் விரித்தாள். ஏழு கட்டம் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. ஒரு கோடு கிடையாது.

"அங்கிள், லென்ஸ் கேப் லா," என்றாள், பாவப்பட்டு.

எட்டாவது கட்டத்தில் லியோனல் இருந்தான். இமை மயிரை எண்ணலாம், அத்தனை தெளிவு. பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்தவனுக்கு முதலில் கண்ணில் பட்டது கழுத்துதான். எப்போதும் இறுக்கமாக இருக்கும் சட்டைக் காலர் இரண்டு விரல் தள்ளி நின்றது. எப்போது இளைத்தான்? கனி பாய் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டியது நினைவுக்கு வந்தது. பிரிண்டை உறையில் போட்டு மூடினான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கணக்குத்தான் மனதில் ஓடியது. எட்டாவதற்கு மூடியைக் கழற்றியது யார்? எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு லென்ஸ்மேல் கறுப்பாக மூடி இருப்பது தெரியாமலா இருக்கும்?

ஜோசஃபின் நாற்காலியில் இருந்தாள். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"உனக்குத் தெரியும்," என்றான்.

"தெரியும்."

"ஏழு தடவையும்?"

"முத தடவயே சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். அப்புறம் சும்மா இருந்துட்டேன். மூடி மேல இருக்கிறவரைக்கும் நீ எத்தன அழுத்துனா எனக்கென்ன?" அவள் குரல் தணிந்தது. "எத்தன மாசமா அந்த ஆணிய பாத்துக்கிட்டுக் கிடக்கிறேன்டா. ஒரு நாளாவது வந்து இந்த நாற்காலில உக்காந்து பாத்தியா?"

லியோனல் திரும்பி ஆணியைப் பார்த்தான். "நான் காலண்டருக்குத்தான்..."

"பொய் சொல்லாத. உனக்கு வராது."

அவன் தரையில் உட்கார்ந்தான். நாற்காலிக்குப் பக்கத்தில், அவள் முழங்காலுக்கு அருகே. "உன் முகம் வேணும்கா எனக்கு. அப்பா முகம் மறந்துபோச்சு. அத மாதிரி ஆகக் கூடாது. இந்தக் கேமரா யாரையும் கொண்டுபோறதில்ல, அதெல்லாம் பேச்சு."

"பேச்சுதானா?"

"பேச்சுதான்."

"அப்படின்னா உன் படத்த ஃபிரேம் போட்டு அந்த ஆணில மாட்டு. நீ மாட்டுன மறுநாள் நான் உக்கார்றேன். மூடி இல்லாம."

ஃபிரேம் போட்டு வாங்கி வர இரண்டு நாள் ஆனது. மாட்டும் வேலை ஒரு நொடி. ஆனால் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு சுவர் முன்னால் நின்றவனுக்குக் கை உயரவில்லை. அண்ணனுக்குப் பக்கத்தில் அதே உயரம், அதே இடைவெளி. பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து போகிற சொந்தக்காரர்களை இத்தனை வருசம் மனதுக்குள் ஏசினவன், அன்றைக்குத்தான் அவர்கள் ஏன் எழுந்து போனார்கள் என்று தெரிந்துகொண்டான். கென்னத்தின் உடைந்த கன்னத்தை ஒரு தரம் பார்த்தான். மாட்டினான்.

மறுநாள் காலை அதே வெளிச்சம், அதே நீலச் சேலை, அதே மூக்குக்கண்ணாடி.

"மூடி," என்றாள் ஜோசஃபின்.

லியோனல் மூடியைக் கழற்றி, அவளுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டி, சட்டைப்பையில் போட்டான். சன்னலில் கண்ணை வைத்தான். இரண்டு அக்காமார் ஒருத்தியாகிற வரை திருப்பினான். இந்த முறை அவள் உதட்டில் வளைவு இல்லை. லென்ஸையும் அவள் பார்க்கவில்லை, அவன் தோளுக்கு மேலே எதையோ பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல லியோனலுக்கு இருந்தது. திரும்பவில்லை. எட்டும் அழுத்தினான்.

கழுவிப் பார்த்ததில் எட்டும் விழுந்திருந்தன. மூன்றாவதுதான் படம். அவனே தேர்ந்தெடுத்தான். முகம் முழுசாக மிஞ்சியது. நெற்றித் தழும்பு, இடக்கண் ஓரத்து மச்சம், கோபம், பயம், எல்லாம் அதில் இருந்தன. ஜோசஃபின் அதை வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தை அவனிடம் நீட்டினாள்.

"படத்துல என் மூக்குக்கண்ணாடிக்குள்ள பாரு."

லியோனல் பூதக்கண்ணாடி கொண்டுவந்து வைத்துப் பார்த்தான். படத்தில் அவளுடைய கண்ணாடி வில்லைக்குள், நகத்தில் பாதி அளவுக்குச் சுவர் தெரிந்தது. முன்னால் முக்காலி, குனிந்து நிற்கும் ஒரு மனிதன். அவனுக்குப் பின்னால் வரிசையாக நான்கு ஃபிரேம்கள். முதல் மூன்றில் வெறும் வெள்ளைத் தீற்றல். நாலாவதில் மட்டும் முகம் தெரிந்தது, காலர் தள்ளி நிற்பதுகூட.

"இத மாட்டணுமே," என்றாள் அக்காள், சாதாரணமாக.

"மெதுவா மாட்டிக்கலாம். டிரில் வாங்கணும்."

"கார்த்திகேசு வீட்டுல இருக்காரு. காலைல பாத்தேன்."

"மெதுவா, அக்கா."

படத்தை உறையில் போட்டு அலமாரியில், துணிகளுக்கு அடியில் வைத்தான். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. ஜோசஃபின் வாரம் மூன்று நாள் போய் வருகிறாள். லியோனல் காலர் பொத்தானைப் போடாமல் ரயில் ஏறுகிறான். கனி பாய் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் ஆபீசுக்கு நடக்கிறான். மாலையில் இருவரும் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். அங்கே நாலு ஆணி, நாலிலும் படம். ஐந்தாவதற்கு இன்னும் துளை போடவில்லை.