அக்கரை விளக்கின் கதையை மாற்றிவிட்டார்கள்

நாற்பதைத் தாண்டிய ஆண்கள் நான்கு பேர் சனிக்கிழமை மாலைகளில் கணினி முன்னால் உட்கார்ந்து வாளும் மந்திரக்கோலுமாகச் சண்டை போட்டோம் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், என் மனைவியும் அப்படித்தான் சிரிக்கிறாள். பிரிக்ஃபீல்ட்ஸில் நான், பங்சாரில் ஒருவன், சுபாங் ஜெயாவில் ஒருவன், கிள்ளானில் ஒருவன். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. வேலை, குடும்பம் என்று ஆளுக்கொரு மூலைக்குப் போன பிறகு நாங்கள் ஒழுங்காகச் சந்தித்துக்கொண்டது அந்த ஆட்டத்துக்குள் மட்டும்தான்.

கிள்ளான்காரன் ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பி, காலில் சப்பாத்து மாட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அவ்வளவுதான், போய்விட்டான். கல்யாணமாகாதவன். வீட்டில் அவனும் அவன் அம்மாவும் மட்டும்தான் இருந்தார்கள்.

ஆட்டத்தில் ஓர் ஆறு உண்டு. செத்தவர்களின் உயிர் அதன் அக்கரையில் காத்திருக்கும், அவர்கள் பெயரில் நாம் அங்கே விளக்கேற்றலாம் என்பது கதை. இக்கரையில் நின்று நம் ஆள் கையசைத்தால் அந்த விளக்கு ஒருமுறை பிரகாசமாகி அடங்கும். திரையின் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி வரும்: உன்னை அடையாளம் கண்டுகொண்டது. நாங்கள் மூவரும் சேர்ந்து அவனுக்கு ஒரு விளக்கு ஏற்றினோம். கருமாதியன்று அழுது ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவிடம், எங்கள் ஆன்டியிடம், என்ன பேசுவதென்று தெரியாமல் நான் இதைச் சொல்லித் தொலைத்தேன்.

"எங்க இருக்கான்பா, காட்டு" என்றார்.

அவன் கணினியிலேயே காட்டினேன். அன்றிலிருந்து வருஷா வருஷம் நினைவு நாள் படையல் அவன் படத்துக்கு முன்னால் அல்ல, கணினிக்கு முன்னால். மேசையில் வாழையிலை. நண்டுப் பிரட்டல், மீ கோரேங் நூடுல்ஸ், பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ ஐஸ் தேநீர். சூடம் காட்டிவிட்டு, அவன் வந்து சாப்பிடட்டும் என்று அறைக்கதவைச் சாத்தி வெளியே நிற்போம். திரும்ப உள்ளே போனதும் ஆன்டி கையசைக்கும் பொத்தானை அழுத்துவார். விளக்கு பிரகாசமாகும். நான் அந்த வரியைத் தமிழில் சொல்வேன்: "உங்களத் தெரியுதாம் ஆன்டி." அதைக் கேட்ட பிறகுதான் அவர் ஒரு வாய் சோறு சாப்பிடுவார்.

இந்த வருஷம் ஆட்டத்துக்குப் புது அத்தியாயம் விட்டார்கள். அக்கரையில் உயிர்களே இல்லையாம். ஆற்றுக்குள் கிடக்கும் ஒரு மிருகம் எல்லாரையும் தின்றுவிட்டு, அடுத்த இரையை இழுக்க விளக்குக் காட்டுகிறதாம். தொடக்கத்திலிருந்தே அப்படித்தானாம். ஆறு அதே ஆறு, விளக்கு அதே விளக்கு, கதை மட்டும் வேறு.

ரசிகர் குழுக்கள் கொதித்தன. ஆட்டத்தின் படம் போட்ட சட்டையை ஒருவன் தீ வைத்துக் கொளுத்திக் காணொளி போட்டான். பழைய கதையைத் திருப்பிக் கொடு என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் தெரிந்த ஒரு மேதாவி, இதற்கான குறிப்பு முதல் அத்தியாயத்திலேயே இருந்தது, நீங்கள்தான் கவனிக்கவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வாட்ஸ்அப்பில் பங்சார்காரன், "டேய், நம்ம பயல தின்னுட்டானுங்கடா" என்று போட்டான். "கதைதானே லா, ரிலேக்ஸ்" என்றான் சுபாங் ஜெயாக்காரன். அவனோடு ஒரு வாரம் நான் பேசவில்லை.

ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கு நானே எழுதினேன். ஒரு தாய் இருக்கிறார், அவருக்கு அந்த விளக்கு மகன் என்று, வெட்கத்தை விட்டு எழுதினேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் போட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கீழே ஒரு கேள்வி வேறு. ஒன்று கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

"தம்பி, சனிக்கிழம படையல். வந்துருப்பா" என்று ஆன்டி கூப்பிட்டார்.

கதை மாறியதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று மூவரும் முடிவு செய்தோம். திரையில் காட்சி மாறவில்லை, ஆன்டிக்கு ஆங்கிலம் தெரியாது, பழையபடியே நடத்திவிடலாம். கொமியூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். இலை போட்டாயிற்று, கதவு சாத்தித் திறந்தாயிற்று. ஆன்டி பொத்தானை அழுத்தினார். விளக்கு பிரகாசமானது. அப்பாடா என்று மூச்சுவிட்டேன்.

"என்னப்பா, எழுத்து மாறியிருக்கு. எப்பவும் நீளமா இருக்கும், இன்னிக்குக் குட்டையா இருக்கே."

அப்போதுதான் கீழே பார்த்தேன். வரியையும் மாற்றியிருந்தார்கள். இன்னும் பசி என்று இருந்தது.

பழைய வரியையே சொல்லியிருக்கலாம். ஆனால் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வரியின் நீளத்தை மனதில் வைத்திருந்தவர், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எதுவும் எனக்கு நாக்கில் வரவில்லை.

"பசிக்குதுன்னு போட்டிருக்கு ஆன்டி."

ஆன்டியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவர் சட்டென்று இலையைத் திரைக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளினார். சமையலறைக்குப் போய் மிச்சமிருந்த நண்டையும் சட்டியோடு கொண்டுவந்து வைத்தார். தே ஓ ஐஸ் பையின் முடிச்சை அவிழ்த்து உறிஞ்சுகுழலைச் செருகினார். "மெதுவா சாப்பிடுய்யா, அம்மா இங்கதான் இருக்கேன்" என்று விளக்கைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத்தன வருஷத்துல இன்னிக்குத்தாம்பா வாயத் தொறந்து கேட்டிருக்கான்."

"ஆமா ஆன்டி" என்றேன்.

அவர் மறுபடியும் பொத்தானை அழுத்தினார்.