தலைத்துண்டில் சீனி

ரேடியோவில் ஒரு பெண் பாட்டின் நடுவே சிரித்தாள். அதை முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பாட வந்தவள் பாடிவிட்டுப் போக வேண்டியதுதானே, யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பியோ அந்தச் சிரிப்பு வரும் இடத்துக்காகவே காத்திருந்தவன் மாதிரி கண்ணை மூடித் தலையை ஆட்டினான். அன்றைக்கே எனக்கு இந்தப் புதுப் பாட்டுகள்மீது சந்தேகம் விழுந்துவிட்டது.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த சமயம். கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்து, அதில் போலீஸ் காவலும் போட்டிருந்தார்கள். தோட்டத்து மண்டபத்துக்கு அரசாங்கம் ஒரு ரேடியோப் பெட்டி கொடுத்திருந்தது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் உதவக்கூடாது என்று சாயங்காலத்தில் அறிவிப்பு வரும். அது முடிந்ததும் அரை மணி நேரம் சினிமாப் பாட்டு. ஜனங்கள் கூடியது அந்த அரை மணி நேரத்துக்காகத்தான். அரசாங்கம் சும்மா எதையும் கொடுக்காது, பாட்டைப் போட்டு ஆளைக் கூட்டி, யார் வருகிறார்கள் யார் வரவில்லை என்று குறித்துக்கொள்கிறார்கள் என்று நான் லயத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாலைந்து பேர் நம்பவும் செய்தார்கள்.

என் சுபாவமே அப்படி. ஜப்பான்காரன் காலத்தில் என் அப்பாவை நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு என்று சொல்லி சயாம் ரயில் வேலைக்குக் கூட்டிப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். இனிப்பாகப் பேசுகிற எதையும் நம்பாதே என்று அப்போது முடிவு செய்தவள் நான். தம்பியை வளர்ப்பதற்காகத்தான் நான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்ததாகத் தோட்டத்தில் பெருமையாகப் பேசுவார்கள். உண்மை என்னவென்றால், பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவனையும் நான் நம்பவில்லை.

தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பவன் அவன்தான். அவன் குரல் எழும்பினால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் குரல் சினிமாப் பாட்டுக்குப் போய்விட்டது என்பதுதான் என் முதல் வயிற்றெரிச்சல். கூடவே மற்ற மோஸ்தர்களும் வந்தன. பல் விளக்கக் கரித்தூள் போதாதாம், பசை வேண்டுமாம். கழுத்துப் பட்டைக்குள் ஒரு கைக்குட்டை. மழை மூட்டமான நாளிலும் கறுப்புக் கண்ணாடி. முடியை நெற்றிக்கு மேலே தூக்கிக் குருவிக்கூடு கட்டிக்கொண்டான். அது மதியத்திலும் சரியாமல் நின்றது. எண்ணெய் வழிய வாரிவிட்டால் படிந்து கிடக்கிற முடிதான் எங்கள் குடும்பத்து முடி. இது எப்படி நிற்கிறது என்று பலமுறை யோசித்தேன், பிடிபடவில்லை.

இதிலெல்லாம் அவனுக்குக் கூட்டாளி பக்கத்து வீட்டுப் பையன். அவனுக்கும் அதே வயது, வாய்க்கால் தோண்டும் கூட்டத்தில் வேலை. இரண்டு பேரும் ரேடியோவின் முன்னால் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவனை நான் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே "அக்கா, இன்னிக்குப் புதுப் பாட்டு கேட்டீங்களா?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நாளில் கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசியோ சீனியோ கொண்டுபோகக்கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பயம். மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கப் போகிறவர்கள் எல்லாரையும் விடியற்காலையில் நிறுத்திச் சோதிப்பார்கள். தேநீர் கொண்டுபோனாலும் பால் சீனி இல்லாமல் வெறும் சாயமாகத்தான் கொண்டுபோக வேண்டும். பிடிபட்டால் விசாரணை இல்லாமல் உள்ளே வைப்பார்கள், கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. எங்களுக்கு ஊர் என்று ஒன்று இருந்ததே அப்பா சொல்லித்தான் தெரியும்.

சீனியும் அளந்துதான் கிடைக்கும். ஒரு வாரத்துக்கு வர வேண்டியது நாலாம் நாளே தீர்ந்துபோகத் தொடங்கியது. நான் போத்தலின் வெளியே கரித்துண்டால் கோடு போட்டு வைத்தேன். மறுநாள் காலை கோட்டுக்குக் கீழே ஒரு விரல் குறைந்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. தம்பி மரம் வெட்டும் நிரை கிழக்கு எல்லையில், அதற்கு அப்பால் சதுப்புக்காடு. என்னுடையது அவனுக்குப் பக்கத்து நிரை. அவன் ஒரு பாட்டின் பாதி அடியை விசிலடிப்பான். கொஞ்ச நேரம் கழித்துக் காட்டுப் பக்கமிருந்து யாரோ மீதி அடியை விசிலடித்து முடிப்பார்கள். முதல் நாள் கத்தி என் கையிலேயே நின்றுவிட்டது. மூன்று நாள் கேட்டேன். அந்தச் சிரிக்கிறவளின் பாட்டுதான் அது.

சீனி குறைகிறது, காட்டிலிருந்து விசில் வருகிறது. எனக்கு வேறென்ன தோன்றும்? எப்படிக் கொண்டுபோகிறான் என்பதுதான் புரியாமல் இருந்தது. கேட்டில் நின்று கவனித்தேன். காவல்காரன் இடுப்பைத் தடவினான், வாளியைப் பார்த்தான், பையைக் குடைந்தான். தலையில் இறுக்கிக் கட்டியிருந்த துண்டை மட்டும் தொடவில்லை. அதற்குமுன் தம்பி வேலைக்குத் தலைத்துண்டு கட்டிப் பழக்கமே இல்லை. அங்கேதான் வைத்திருக்கிறான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அவனிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வான் என்று நினைத்தேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும், எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் போனேன். எங்கள் கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுப்பவர் அவர். தம்பிக்கு ஞானஸ்நானத்தில் தகப்பன் ஸ்தானத்தில் நின்றவரும் அவர்தான். சீனி குறைவதையும் காட்டு விசிலையும் அவரிடம் சொன்னேன்.

"அண்ணே, அவன் தலைத்துண்ட ஒரு நாளைக்கு அவுத்துப் பாருங்க. நீங்களே நாலு அறை விட்டுக் கண்டிச்சு வையிங்க. வெளிய தெரிய வேணாம்" என்றேன்.

"நீ சொன்னேன்னு யாருக்கும் தெரியாதும்மா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட விதம் இது: தமக்கு ஏதும் வந்துவிடக்கூடாது என்று அன்று மத்தியானமே போலீஸிடம் சொல்லிவிட்டார். மறுநாள் விடியற்காலை கேட்டில் ஒரு லோரி நின்றது. தம்பியின் முறை வந்ததும் துண்டை உருவினார்கள். உள்ளே பொட்டலம் எதுவும் இல்லை. ஆனால் துண்டு காய்ந்த கஞ்சித்துணியாக விறைத்திருந்தது. ஒரு போலீஸ்காரர் அதை விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். மற்றவரிடம் திரும்பி, "மானிஸ்" என்றார். இனிப்பு.

"சார், முடி நிக்கறதுக்குப் போட்டேன் சார். சீனித் தண்ணி சார்" என்று தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் நம்பவில்லை. சீனியைக் கரைத்துத் துண்டில் ஊறவைத்துக் காட்டில் பிழிந்து கொடுக்கிறான் என்று நினைத்தேன். லோரியில் ஏறும்போது அவன் என்னைப் பார்த்து, "அக்கா, நீயாச்சும் சொல்லேன்" என்றான்.

இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. அழுதேன். ஆனாலும், நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்று உள்ளே ஒரு மூலையில் திருப்தியும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் நாள் துவைப்பதற்காக அவன் தலையணையைத் தூக்கினேன். உறை முழுக்க எறும்பு. பாய்க்கு அடியில் அவன் சீப்பு இருந்தது, பல்லிடுக்கில் எல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. நக்கிப் பார்த்தேன். வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

பக்கத்து வீட்டுப் பையன்தான் ஓடி வந்தான். எறும்பைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஆமாக்கா. தெனம் காலைல சீனித் தண்ணி போட்டு வாரித் துண்டக் கட்டிக்குவான். வேல முடிஞ்சு அவுத்தா அப்படியே நிக்கும்லா. சீனிய வீணாக்கறான்னு நீங்க திட்டுவீங்கன்னு யாருக்கும் சொல்லல. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"காட்டுலருந்து விசிலடிக்கிறது யாரு?"

"காட்டுலருந்தா? எல்லை வாய்க்கால்ல நான்தானே தோண்டிக்கிட்டிருந்தேன்."

நான் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பியபோது அவனும் கூடவே வந்தான். வேண்டாம், உன்னையும் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்றேன். "பரவால்லக்கா, விசிலடிச்சது நான்னு நான்தானே சொல்லணும்" என்றான். கோலா சிலாங்கூர் வரை பஸ்ஸில் அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் அவன்தான். எறும்பு அவன் கையெல்லாம் ஏறியது.

இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். தலையணையைப் பார்த்தார், சீப்பைப் பார்த்தார், பையன் சொன்னதைக் கேட்டார். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரும் சீனியும் வரவழைத்து, தம்பியைக் கூட்டி வரச் சொன்னார். மூன்று நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. செய்து காட்டு என்றார்கள். தம்பி கோப்பையில் சீனியைக் கரைத்துத் தலையில் தடவி, ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து வாரத் தொடங்கினான். இடதுபக்கம் ஒதுக்கி, நுனியை விரலில் சுருட்டி, மேலே தூக்கி விட்டான். அந்த ஐந்து நிமிஷம் அவனுக்கு எதுவும் நினைவில் இல்லை என்று நினைக்கிறேன். வாயைக் குவித்து மெதுவாக விசிலடித்தான். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். என் தம்பி எவ்வளவு அழகன் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்றே விட்டுவிட்டார்கள். விடுவதற்கு முன் தலையை மொட்டையடித்துவிட்டார்கள். சீனி வீணாகாமல் இருக்கட்டும் என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி எங்களோடு உட்காரவில்லை. முன்னால் தனியாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் பேசினான்.

"யாரோ காட்டிக் குடுத்திருக்கான்க்கா. நேரா வந்து துண்டத்தான் உருவினானுங்க. சீனி விஷயம் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

நான் அடுப்புக்குள் விறகைத் தள்ளினேன்.

"விசிலடிச்சது நான்தான்னு அவனே சொல்றான். அப்புறம் ஏன் அவனப் புடிக்கல? அவ்வளவு தைரியமா ஸ்டேஷனுக்குள்ள எப்படி வந்தான்? அவனுங்க ஆளாத்தான் இருக்கணும்."

அப்படியே நான் பேசுகிற பேச்சு. எதையும் இரண்டாகப் பிளந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற புத்தியை இத்தனை வருஷம் கூடவே இருந்து நான்தான் அவனுக்குக் கொடுத்திருந்தேன். இப்போது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் எனக்கென்று இருக்கிற ஒருவனும் போய்விடுவான் என்று பயம் வந்தது. பயம்தான் ஜெயித்தது. "யாரா இருந்தா என்னடா, வந்துட்டியே" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தப் பையன் எங்கள் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. தம்பி கிணற்றடிக்குப் போயிருந்தான்.

"அக்கா, அவன் எங்கிட்ட பேசமாட்டேங்கறான். நான்தான் சொல்லிட்டேன்னு தோட்டம் பூரா சொல்றான். நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பான். எறும்பப் பாக்கற வரைக்கும் அது உங்களுக்கே தெரியாதுல்ல, நான் யாருகிட்டயும் சொல்லலன்னு உங்களுக்குத் தெரியுமே."

நான் முறத்தைக் கையில் வைத்திருந்தேன். அதைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"யாரு மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் யாரிடமும் அவன் சொல்லவில்லை. "சரிக்கா" என்றான். அந்த மாதக் கடைசியில் சுங்கை பெசார் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான். பிறகு அவனை நாங்கள் பார்க்கவே இல்லை.

தம்பிக்கு முடி வளர்ந்தது, கல்யாணமும் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். பிள்ளைகள் பெரியவர்களாகிக் கூட்டாளிகளோடு சுற்றத் தொடங்கியபோது அவர்களை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்வான். சொல்லி முடித்ததும் என்னைக் காட்டுவான். "கூட்டாளிய நம்பாதீங்க. தலைகாணியத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்தது யாரு? உங்க அத்தைதான். இந்த உலகத்துல நான் நம்பற ஒரே ஆளு." பிள்ளைகள் எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். தலையணையைத் தூக்கி வந்தது நானில்லை என்று ஒருமுறைகூட நான் சொன்னதில்லை.